வீட்டுக் கோழியும் விசுவாசியின் கடமையும்

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பலர் கவனியாது கடந்து செல்லும் ஒரு நுட்பம் உண்டு. ஏரோது மன்னனை 'நரி' என்று சுட்டிக் காட்டிய நம் ஆண்டவர், அடுத்த சில வசனங்களிலேயே தம்மைத் தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும் பெட்டைக் கோழிக்கு ஒப்பிடுகின்றார். நரிக்கு எதிராகச் சிங்கத்தையோ கழுகையோ நிறுத்தவில்லை. கூரிய பல்லும் நகமும் அற்ற கோழியையே நிறுத்தினார். எருசலேமில், ஒலிவ மலைச் சரிவில், 'ஆண்டவர் அழுதார்' என்ற பெயருடன் 1955ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சிற்றாலயத்தின் பீட முகப்பில், சிறகு விரித்த கோழியும் அதன் குஞ்சுகளும் வண்ணக் கற்களால் இழைக்கப்பட்டுள்ளன. மெய்யான மேய்ப்பர் தமக்கென எடுத்துக்கொண்ட உருவங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே, ஆன்ம காரியங்களைப் பேச வேண்டிய குருவானவர் கோழியைப் பற்றி எழுதுவதா என்று யாரும் எண்ண வேண்டாம். நம் மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் ஐந்தாறு கோழிகள் என்பது ஏழைத் தாயின் வங்கிக் கணக்கு. நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரையே இடும். அம்முட்டைகளுள் ஒரு பகுதி பிள்ளைகளின் தட்டுக்கும், ஒரு பகுதி அடைக்கும் போகும். வளர்ந்த சேவலோ பள்ளிக்கூடத்துச் சீருடையாகவும் மருந்துச் சீட்டாகவும் மாறும். கணவனிடம் கையேந்தாமல் ஒரு பெண் செலவிடக்கூடிய பணம் பல வீடுகளில் இது ஒன்றே. புதுவை நகருக்குள்ளும் நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, உழவர்கரைப் பகுதிகளில் கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்போர் இன்றும் உள்ளனர்.

சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், கைம்பெண் ஒருவர் திருப்பலி முடிந்ததும் கண்ணீருடன் வந்து நின்றார். "சாமி, ஒரு வாரத்துல பதினாலு உருப்படியும் போயிடுச்சு. யாரோ செய்வினை வெச்சுட்டாங்க. வந்து மந்திரிச்சு விடுங்க" என்றார். அவர் இல்லம் சென்று மந்திரித்தேன். அங்கே எஞ்சியிருந்த ஒரே கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, வாய் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது; பின்புறம் பச்சையும் வெள்ளையுமான கழிச்சல். "அம்மா, இது செய்வினை அன்று; நோய்" என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அடுத்த தெருவில் இருந்த தம் ஓரகத்தியின் மீதே அவருடைய ஐயம் இருந்தது. ஒரு நோயின் பெயர் தெரியாமையால் இரு குடும்பங்களுக்கு இடையே பேச்சு வார்த்தை அற்றுப்போனது.

அந்த நோயின் பெயர் இராணிக்கேத். நம் மக்கள் வெள்ளைக் கழிச்சல் என்பர். 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், சிறிது காலத்தில் நம் நாட்டில் குமாவுன் மலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. இது ஒரு நச்சுயிரியால் வருவது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது கோழிகளையும் கொண்டுபோகும். எச்சத்தாலும், மூச்சாலும், தண்ணீர்க் கிண்ணத்தாலும், நம் காலணியாலும் பரவும். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு.

தடுப்பூசி என்றதும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்ற நம் முதியோர்க்கு லூயி பஸ்தேர் என்ற பெயர் நன்கு தெரியும். ஆய்வுக்கூடத்தில் வலுக்குறைந்த கிருமியைக் கொண்டு நோயைத் தடுக்கும் வழியை அவர் 1879-80ஆம் ஆண்டுகளில் கண்டது கோழிகளிடமேயாம். நாள்பட்டு வலுவிழந்த கோழிக் காலராக் கிருமியை ஏற்ற கோழிகள் சாகவில்லை. பின்னர் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியபோதும் அவை தாங்கி நின்றன. அந்தக் கண்டுபிடிப்பே 1885இல் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து வரை நீண்டது. மனிதக் குழந்தைகள் இன்று பெறும் பாதுகாப்பில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு. அக்கோழிக்கு நாம் தடுப்பூசி போடாது விடுவது நன்றியன்று.

முறை எளியது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை. எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. அம்மைக்கும் தனியே தடுப்பூசி உண்டு. குடற்புழு மருந்தைத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னரே கொடுத்துவிட வேண்டும். மருந்தை வாங்கியதும் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நோய் கண்ட கோழிக்குத் தடுப்பூசி போடுவதால் பயனில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அம்மைக் கொப்புளத்தில் பூசும் பாட்டி வைத்தியத்தை நான் பழிப்பதில்லை. ஆனால் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. அண்டைத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கோழிக் கழிச்சல் நோய்க்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடைபெறுகின்றது. நமக்கோ குரும்பாப்பட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கேட்போர்க்கு வழி சொல்ல ஆள் உண்டு.

இனி, சற்றே கசப்பான ஒன்று. கோழி சோர்ந்து நின்றவுடன் "செத்துப்போகுமுன் விற்றுவிடு" என்று சந்தைக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது. வாங்குகிறவரும் ஓர் ஏழைத் தாயே. நோயென்று அறிந்தும் நலமென்று விற்பது களவுக்குக் குறைந்ததன்று. ஏழாம் கட்டளை கோழிச் சந்தைக்கும் பொருந்தும்.

இதே வழக்கம் கோவிலுக்குள்ளும் நுழைந்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியாருக்கு நேர்ச்சையாக வந்த கோழிகளைக் கோவில்பிள்ளை ஒரே கூடையில் அடைத்து வைப்பார். திருப்பலிக்குப் பின் அவை ஏலம் போகும். பத்து ஊர்க் கோழிகள் ஒரு கூடையில் மூச்சுவிட்டுப் பத்து ஊர்களுக்குத் திரும்பும். நோய்ப்பட்ட கோழியை நேர்ந்துவிட்டால் மற்றவை பிழைக்கும் என்று சொல்லிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. மறையுரையில் நான் மலாக்கி இறைவாக்கினரை எடுத்துக்கொண்டேன். நொண்டியையும் நோயுற்றதையும் பீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை அவர் எவ்வளவு கடுமையாகக் கேட்கிறார்! அதன்பின், நலமுள்ள கோழியே நேர்ச்சையாக ஏற்கப்படும் என்றும், ஏலத்தில் எடுத்ததை வளர்க்க விரும்புவோர் 14 நாட்கள் தனியே அடைத்து வைக்க வேண்டும் என்றும் அறிவித்தோம்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. "அந்தோனியாருக்கு விட்ட கோழியைச் சந்தேகப்படலாமா சாமி?" என்று முதியவர் ஒருவர் சபை நடுவே கேட்டார். "பெரியவரே, அந்தோனியாரைச் சந்தேகிக்கவில்லை, கூடையைத்தான் சந்தேகிக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டார், ஆனால் உடனே இணங்கவில்லை. கோவில் வளாகத்தில் கால்நடை மருத்துவரை வரவழைத்துத் தடுப்பூசி போட்ட நாளில், மரியாயின் சேனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அழைத்தும் பாதிப் பேரே வந்தனர். அந்தக் கைம்பெண்ணின் ஓரகத்தி வந்திருந்தார். அடுத்த கோடையில் நோய் மீண்டும் ஊரைத் தொட்டபோது, ஊசி போட்ட கோழிகள் பெரும்பாலும் நின்றன, மற்றவை விழுந்தன. செய்வினை பார்த்து வருவதில்லை என்பதை அன்று ஊரே கண்டது. ஓரகத்தியர் இருவரும் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

நோய்க்கு அடுத்த பகை கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரைப்பாம்பு, பெருச்சாளி, பருந்து, தெருநாய் ஆகியன. இவற்றின்மேல் சினங்கொண்டு, செத்த கோழிக்குள் பூச்சி மருந்தை வைத்து வேலியோரம் போடுவோர் உண்டு. அந்த நஞ்சை முதலில் தின்பது பெரும்பாலும் அண்டை வீட்டு நாயும் காக்கையுமே. குழந்தைகள் ஆடும் இடத்தில் நஞ்சைப் போடுவது எத்தகைய பாவம் என்று சொல்லவும் வேண்டுமா? கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை, கொல்வது குற்றம். அன்றியும், வயலில் எலியையும் பாம்பையும் குறைப்பது அதே கீரிதான். அதுவும் படைத்தவர் கையில் உணவு தேடும் உயிரே.

கொல்லுவதைவிடக் கூண்டு மேல். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் கால் வைத்து, எச்சம் கீழே விழும்படி இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கூண்டே இரவுக்கு ஏற்றது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடிக்க வேண்டும். அகலக் கண்ணில் கீரி தலையை நுழைத்துவிடும். தரைக் கூண்டாயின் வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி வெளிப்புறமாக மடித்துவிட்டால் தோண்டி நுழைய இயலாது. கதவுக்குக் கயிறு போதாது. கொக்கியும் தாழும் வேண்டும். பஞ்சாரம் பகலில், பருந்துக்கும் காக்கைக்கும் குஞ்சைத் தப்புவிக்க நன்று. முதல் மூன்று நான்கு வாரம் அதனுள் வைப்பது தக்கது. இரவில் அதை நாய் உருட்டிவிடும். கூண்டருகே சிந்திய தீனியை மாலையில் கூட்டிவிட்டால் எலி வராது. எலி வராவிடில் பாம்பும் வராது.

மழைக்காலத்தில் மிகுந்த கவனம் தேவை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மிகுதியாக மழை கொட்டியது. இத்தகைய வெள்ளத்தில் தரைக் கூண்டு முதலில் மூழ்கும். நீர் வடிந்தபின் ஈர மண்ணில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் பரவும். உயரக் கூண்டும் உலர்ந்த உமியும் அப்போது உயிர் காக்கும். இறந்த கோழியை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். பல கோழிகள் திடீரென்று மடிந்தால் மறைக்காது கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டில் மகாராட்டிரத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டபின் இது ஊர் முழுவதன் நலத்தையும் சார்ந்த கடமையாயிற்று.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! ஏழைக் குடும்பத்துக்கு நான்கு கோழி வாங்கிக் கொடுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையார், அத்துடன் ஒரு கூண்டும் தடுப்பூசிச் செலவும் சேர்த்துக் கொடுப்பாராக. மாலைச் செபமாலைக்கு முன் பிள்ளைகளுள் ஒருவரைக் கோழிகளை எண்ணி அடைத்துத் தாழிடும் பொறுப்பில் வையுங்கள். சிறிய உயிரைப் பொறுப்புடன் காக்கக் கற்ற பிள்ளை, நாளை பெரிய பொறுப்புகளையும் தட்டாது ஏற்கும். உங்கள் இல்லங்களையும் முற்றங்களையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.