பாதையும் பாலமும்

கிழக்கிலங்கையில் ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து வாழ்ந்தோர்க்கு நீரே நெடுங்காலம் வழியாக இருந்தமைக்கு இச்சொல் ஒன்றே சான்று. கிண்ணியாத் துறையில் பாதையும், மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே இயந்திரப் படகும் தலைமுறைகள் பலவற்றைச் சுமந்தன. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் இந்நிலையை மாற்றியது. பாலம் வேண்டப்பட்டதே, நோயாளியுடன் கரையிலே காத்திருந்த காலத்தை எவரும் மீள விரும்பார். ஆயினும், குடாவைக் குறுக்கே கடந்த பயணம் அதனைச் சுற்றி ஓடத் தொடங்கியதும், நடையும் வள்ளமும் பெற்ற இடத்தை மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெற்றன.

அவை எதனை நம்பி ஓடின என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. அவற்றை அயலில் வைத்துக்கொண்டே இம்மாவட்ட மக்களும் ஏனையோரைப் போலப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றனர். பலர் துவிச்சக்கர வண்டிக்குத் திரும்பினர். எரிபொருள் வந்ததும் அத்திருப்பம் மறக்கப்பட்டது.

2050ஆம் ஆண்டளவில் காபன் நடுநிலையை எய்துவதென இலங்கை உலகுக்கு உறுதியளித்துள்ளது. இதுபற்றிய பேச்சிலே மின்கார்களே முன்னிற்கின்றன. நுரைச்சோலையில் நிலக்கரி எரியும்வரை அம்மின்சாரமும் முற்றிலும் தூயதன்று. சம்பூரில் எண்ணியிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டதும், அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரிலில் அடிக்கல் இடப்பட்டதும் வரவேற்கத்தக்கவை. எனினும், சம்பூரிலிருந்து மூதூர்ச் சந்தைக்குச் செல்பவள் எதில் ஏறிச் செல்கிறாள் எனக் கேட்போர் அரியர்.

இக்கேள்வியின் கனத்தைக் குறிஞ்சாக்கேணி அறியும். கிண்ணியாவை அடுத்த இவ்விடத்தில் புதிய பாலம் கட்டும் பணி நடந்தபோது, மக்கள் மிதவையொன்றில் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைச் சிறுவர் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். நாட்டிலே மிகக் குறைந்த புகையை வெளியிட்ட பயணங்களுள் அதுவும் ஒன்று. காபனை மட்டும் கணக்கிடும் கொள்கைக்கு அச்சிறுவர் ஏலவே நல்ல குடிமக்கள். அவர்களுக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்றே அக்கணக்கு சொல்லும். பாலம் முடியும்வரை எவ்வாறு கடப்பது என்பதும் போக்குவரத்துக் கொள்கைக்கு உரியதே.

நீர்வழி பழமையின் எச்சம் என்பாருக்குக் கேரளம் விடை தருகிறது. அங்கே வைக்கத்தில் ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகு 2017 முதல் எழுபத்தைந்து பேரை ஏற்றிச் சென்றது; கொச்சியில் மின்படகுச் சேவை 2023இல் தொடங்கியது. வேம்பநாட்டுக் காயலின் அமைதி வாடைக்காற்று வீசும் மார்கழியில் கொட்டியாரக் குடாவுக்கு இல்லைதான். ஆனால் தம்பலகாமக் குடாவின் ஒதுக்கமான நீரில் இத்தகைய படகை முயன்று பார்க்கலாம். கரையிறங்கும் துறையிலிருந்து துவிச்சக்கர வண்டிக்கெனத் தனிவழியும், நேரம் தவறாத பஸ் வண்டியும் இருந்தால் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவரப் பலர் இசைவர்.

அதற்கு முன்னர் வேண்டுவன மிக எளியவை: உயிர்காப்பு அங்கி, ஆட்களை எண்ணி ஏற்றும் ஒருவர், மிதவையை ஆண்டுதோறும் சோதித்து மறுக்கவும் அதிகாரமுள்ள ஓர் அலுவலர். இவையின்றிச் சூரியத் தகட்டை மட்டும் பொருத்தினால், குறிஞ்சாக்கேணித் தாய் தன் பிள்ளையை அதில் ஏற்றிவிடமாட்டாள்.