கிணற்றுக் கல்

கொழும்புத்துறையில் கிணறு வெட்டுபவர் முதலில் மண்ணை வாரிக் கொட்டுவார். பிறகு அலவாங்கை எடுப்பார். அதற்குக் கீழே சுண்ணக்கல். உடைத்து மேலே போடும் துண்டுகளில் சிப்பியின் வடிவும் முருகைக்கல்லின் கண்களும் பதிந்து கிடக்கும். "சேர், கடல் சிப்பி கிணத்துக் கல்லுக்குள்ள எப்பிடி வந்தது?" என்று எமது வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள். நாம் பல்கலைக்கழகத்தில் கற்றது தமிழ். எனினும் அந்த வினா நம்மை விடவில்லை.

இக்குடாநாட்டின் சுண்ணக்கல் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டானது. கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது. இவ்வொரு விதியைப் பற்றிக்கொண்டே புவிச்சரிதவியலார் காலத்தைப் படிக்கத் தொடங்கினர். சுண்ணக்கல்லுக்கும் கீழே கிடப்பது, இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைத் தாங்கும் பழம்பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது வெந்து உருமாறிவிட்டது. அன்று இலங்கை தீவன்று. கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டிக் கிடந்தது. பின்னர் கண்டம் உடைந்தது, புவித்தகடுகள் விலகின, நாம் வடக்கே வந்தோம். இன்றும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கிறோம். 1912இல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது அறிஞர் பலர் நகைத்தனர். 1960களில் கடலடிப் பாறைகளே சான்று சொன்ன பிறகுதான் உலகம் இசைந்தது.

இங்கே நம் தமிழாசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலார், லெமூர் என்னும் விலங்கினம் பரவியிருந்த முறையை விளக்கக் கற்பித்துக்கொண்ட நிலம். கண்டங்களே நகர்ந்தன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாது போயிற்று. இதை வகுப்பில் சொன்னால் முகம் சுளிப்பவர் உளர், சுளிக்கட்டும். கடல் நிலத்தைக் கொண்டது பொய்யன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல்மட்டம் இன்றையிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அன்று தரை. இங்கிருந்து தமிழகத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

நம்மை உறுத்துவது அதுவன்று, கிணற்று நீர். மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கல்லுக்குள் அந்நீருக்கு வேலி இல்லை. ஒரு வளவில் இறங்கிய மழை மறுவளவில் ஊற்றாகிறது. மேலேயோ, அதை அள்ளும் உரிமையைப் பிறப்பால் பங்கிட்டு வைத்தார்கள்! கல்லுடைத்துக் கிணறு வெட்டியவனே அதில் வாளி விடக் கூடாதென்றார்கள். அவன் மனைவி குடத்தோடு நின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தாள். சாதித் தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. வந்து என்ன? 1966 ஒக்ரோபர் 21இல், தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்தவர்கள் பொலிசாரிடம் அடிபட வேண்டியிருந்தது.

இன்று துலா போய் மின்மோட்டர் வந்துவிட்டது. உவர்நீரைவிட நன்னீர் சற்றே இலேசானது. ஆகவே நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் 40 அடி வரை மேலெழும் என்பது கணக்கு. வசதியுள்ளவர் ஆழத் துளைத்து அளவின்றி இறைக்க, அயலிலுள்ள ஏழையின் கிணறு உவராகிறது. இது பழைய பங்கீட்டின் புதிய வடிவம் என்றே நாம் கருதுகிறோம்.

புவியியல் ஆசிரியரோடு சேர்ந்து, மாணவர்களைக் கொண்டு ஊர்க் கிணறுகளை அளக்கத் தொடங்கியிருக்கிறோம். முடிச்சிட்ட கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு கொப்பி, அவ்வளவே கருவி. மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆவணிக் கோடையில் ஒருமுறை. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்குத் தேநீரும் கிடைத்தது. ஒரு வீட்டில் மட்டும், கயிறு பிடிக்கும் பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்டறிந்த பிறகே படலை திறந்தது.