பத்து வயதின் வயிற்றுவலி

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. என் பேத்திக்குக் காலைதோறும் வயிற்றுவலி வரத் தொடங்கியது. வைத்தியர் பரிசோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார். நடிக்கிறாள் என்று மருமகள் சினந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதில் உள்ள பயத்தைச் சொல்லச் சொற்கள் போதாத வயது அது, உடல்தான் பேசும். சில பிள்ளைகளுக்குத் தலையிடி. சிலருக்கு என்றோ நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வரும்.

ஒரு மாலை ரியூசனுக்கு அனுப்பாமல் அவளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கச்சான் சரை பாதி முடிந்த பின்னர் அவளாகவே கேட்டாள்:

"அப்பப்பா, நான் சித்தியடையாட்டி என்ர படம் பேப்பரில வராதுதானே? அம்மா அழுவாவோ?"

பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் நான். பெறுபேறு வெளியாகும் போதெல்லாம் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களை முன்பக்கத்தில் இட்டவன். மாதிரி வினாத்தாள் பிரசுரித்தால் விற்பனை கூடும் என்பதையும் அறிந்தவன். 1940களில் இலவசக் கல்வியோடு வளர்ந்த இந்தப் புலமைப்பரிசில், கிராமத்து ஏழைப் பிள்ளைகள் நல்ல பாடசாலைகளுக்குச் செல்வதற்கான ஏணி. 200 புள்ளிகளுக்கான அந்த இரண்டு வினாத்தாள்களைப் பெற்றோரின் மானப்பிரச்சினையாக மாற்றியதில் எங்களுக்கும் பங்குண்டு. படம் வராத பிள்ளை அந்தப் பக்கத்தை எப்படிப் பார்க்கும் என்று ஒருநாளாவது நான் எண்ணியதில்லை.

"அம்மா அழுதால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேற்றுவம்" என்றேன். சிரித்தாள்.

அன்றிரவு மகனோடும் மருமகளோடும் பேசினேன். அது இலகுவாக இருக்கவில்லை. "உங்கட காலம் வேறு, மாமா" என்ற பேச்சும் கேட்டேன். இறுதியில் வார இறுதி வகுப்புகளில் ஒன்று நின்றது. ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. சைக்கிள் மீண்டும் முற்றத்துக்கு வந்தது. பாடசாலை விட்டு வந்ததும் புள்ளி கேட்பதை மருமகள் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் அது பெரும் பாரம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வயிற்றுவலி முற்றாக நிற்கவில்லை, குறைந்தது.

வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளிகள் குறைவாகப் பெற்றாள். மருமகள் அழத்தான் செய்தார். பேத்தி அருகில் போய் அமர்ந்துகொண்டாள்.

மறுநாள் பத்திரிகையை விரித்து, முதலிடம் பெற்ற சிறுவனின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்கும் வயித்துக்குத்து வந்திருக்குமோ, அப்பப்பா?"