மெழுகின் சூடு

வெள்ளவத்தையில் அழகுக்கலை பழகும் என் மருமகள் சென்ற மாதம் கொலன்னாவைக்கு வந்திருந்தாள். "மாமா, சூட்டு மெழுகால் முடி அகற்றும் தொழில் ஆகுமா?"

அக்குள் முடியைக் களைவது இயற்கை மரபுகள் ஐந்தில் ஒன்று; 40 நாட்களுக்கு மேல் விடலாகாது என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அரபுப் பெண்கள் சீனியும் எலுமிச்சைச் சாறும் காய்ச்சிய பாகால் செய்வதும் இதுதானே! ஆகும் என்றேன். பெண்களுக்கு மட்டும், மறைவான அறையில். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையே வேண்டாம். புருவத்தைத் தொடாதே என்றேன்.

அவள் மணிக்கட்டைக் காட்டினாள். சிவந்த தழும்பு. பிறருக்குப் பூசுமுன் தன் தோலில் சூடு பார்ப்பாளாம். முடி வளரும் பக்கமாகப் பூசி, தோலை இழுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கமாக உரிக்க வேண்டுமாம்.

"முதற் கிழமை அவசரப்பட்டுச் சுட்டுக்கொண்டேன் மாமா. வந்திருந்த ராத்தாவுக்குச் சீனி வருத்தம். அவர் கையில் பட்டிருந்தால் புண் ஆறச் சுணங்கியிருக்குமே! அவருக்குப் பூசவில்லை. காசு போனால் போகட்டும்."

சட்டம் சொன்ன நான் சூட்டைப் பற்றி அதுவரை கேட்கவேயில்லை.