நுண்துளையும் சிவப்பு மையும்

கிளிவெட்டியில், திருகோணமலை–மட்டக்களப்பு வீதியருகே, தகரக் கூரையிட்ட மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில் சென்ற விடுமுறையின் மூன்று பிற்பகல்களைக் கழித்தோம். எமது பாட்டனார் விட்டுச் சென்ற பி.எஸ்.ஏ. பேண்டம் வண்டியின் கார்புரேற்றரைச் சீர்செய்விப்பதே நோக்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைக்குச் சுமை தூக்கியவர் அவர். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபின் வேலை போயிற்று. மூன்றாங் கையாக வாங்கிய இவ்வண்டி மிஞ்சிற்று.

வண்டிக்கும் ஒரு வரலாறுண்டு. துப்பாக்கி செய்வதற்கென 1861இல் பர்மிங்காமில் தோன்றிய கம்பெனி, போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெறப்பட்ட டி.கே.டபிள்யூ. வரைபடங்களைக் கொண்டு 1948இல் இதனைச் சந்தைக்கு விட்டது. வென்றவன் கொண்டுவந்த வண்டியில் கடைசியில் ஏறியவர் குடியேற்ற நாட்டுக் கூலியாள். நிற்க.

பட்டறையில் எமக்கு வாய்த்த ஆசான் எமது பழைய மாணவன். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது மூன்று வயதுக் குழந்தை. கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வளர்ந்தவன். 2015இலும் 2016இலும் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது அவனுடைய பிள்ளைப்பருவம் அங்கேயே கழிந்துவிட்டிருந்தது. சாதாரண தரத்தில் கணிதம் தவறிற்று, பள்ளியை விட்டான்.

எமது பாடத்தில் நடந்தது வேறு. ஏழாந் தரத்தில் ‘எனது வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னோம். முகாமில் வீடேது? மண்ணெண்ணெய் அடுப்பின் வாய் அடைத்துக்கொண்டால் தாயார் ஊசியால் குத்தித் திறப்பதை ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடியில் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று எழுதிக் கொடுத்தோம்.

இப்போது அவன் கார்புரேற்றரைத் திறந்தான். நெடுங்காலம் ஓடாது கிடந்ததில் பெற்றோல் வற்றிப் பழுப்புப் பிசினாய்ப் படிந்திருந்தது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினான். உள்ளே நீர்மம் தளும்பும் ஒலி. சுடுநீரில் அமிழ்த்த, ஓரிடத்திலிருந்து குமிழிகள் எழுந்தன. அங்கே ஈயம் பற்றவைத்து, மிகுந்ததை அரத்தால் தேய்த்தான். மிதவை கனத்தால் கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் உயர்ந்துவிடுமாம். பின்னர் ஜெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். துளை அடைத்திருந்தது. ஆர்வமிகுதியால் நாம் சட்டையில் குத்தியிருந்த ஊசியை நீட்டினோம்.

“அடுப்புக்கு ஊசி போடலாம் சேர். இதுக்குப் போடக்கூடாது.”

துளை ஒரு மயிரிழை அகன்றாலும் எரிபொருள் மிகும் என்று விளக்கி, நைலோன் இழையொன்றை நுழைத்தான். அமல் கார்புரேற்றரின் ஜெற்றில் பொறித்த எண், நிமிடத்துக்கு அதனூடே செல்லும் எரிபொருளின் கன சென்றிமீற்றர் அளவாம். ஒடுங்கிய வழியில் காற்று விரைந்தால் அழுத்தம் குறைந்து எரிபொருள் மேலே இழுபடும் என்பதையும் சொன்னான். பேர்நூலியின் பெயரை மட்டும் அவன் அறியான். விகிதசமக் கணக்கில் தவறியவன் இவன்!

தொழில் பழக்கிய மூத்தவர் 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பொருளாதாரத் தடையில் பெற்றோல் எட்டாப் பொருளானது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கரி படிந்த பிளக்கை ஓயாது சுரண்டினர். எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்காத ஆராய்ச்சி அது. 2022 யூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூ.ஆர். முறையில் பெற்றோல் அளக்கப்பட்டபோது, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் வகை கேட்டு ஊரார் சென்றது இவரிடமே. பட்டதாரிகளாகிய எம்மிடம் அன்று.

மூன்றாம் நாள் வண்டி நீலப்புகை கக்கி இயங்கிற்று. ஆனால் வேகம் தணிக்கும்போது திக்குகிறது. காற்றை மறிக்கும் உருளை தேய்ந்துபோயிற்றாம், வேறொன்று தேடவேண்டும். கொப்பித்தாளில் கணக்கெழுதி நீட்டினான். ‘காபரேட்டர் கிளின்’ என்றிருந்தது.

“பிழை இருந்தாத் திருத்துங்க சேர்” என்று சிரித்தான்.

அந்தக் கட்டுரை அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க நா எழவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, உருளை கிடைத்ததும் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டோம்.