வாய் திறக்காமல் காட்டிக்கொடுப்பது

கீழ் ஃப்ளாட் மாமா குடும்பத்தோடு நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தார். கதவுக்கு இரண்டு பூட்டு, பீரோவுக்கு ஒன்று. திரும்பி வந்தால் பீரோ காலி. திருடனுக்குத் துப்பு கொடுத்தது யார் என்கிறீர்கள்? வாசலில் எடுக்காமல் கிடந்த நான்கு பேப்பர்கள். அவன் அவற்றைப் படிக்கக்கூட இல்லை. எண்ணினான், அவ்வளவுதான்.

இதற்கு 'டிராஃபிக் அனாலிஸிஸ்' என்று பெயர். சேதி என்ன என்று தெரிய வேண்டாம். எங்கிருந்து, எப்போது, எத்தனை என்று தெரிந்தால் போதும்.

வயர்லெஸ் சென்சார்களுக்கும் இதே தலைவலி. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2004-ல் இதை ஒரு விளையாட்டாகவே விவரித்தார்கள். காடு முழுக்கக் குட்டிக் குட்டி சென்சார்கள். பாண்டா கரடியைப் பார்த்த சென்சார் பக்கத்து சென்சாரிடம் சொல்லும். அது அடுத்ததிடம். இப்படியே கைமாறி ஆபீஸுக்குப் போய்ச் சேரும். எல்லாம் சங்கேதத்தில், வேடனுக்குப் புரியாது. புரியவே வேண்டாமே! ஆபீஸ் பக்கம் ஆன்டெனாவோடு நின்று, சேதி எந்த சென்சாரிலிருந்து வந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நடந்தால் கடைசியில் பாண்டா. காவலுக்கு வைத்ததே எமன்.

அவர்கள் சொன்ன மாற்று, சேதியை முதலில் காட்டுக்குள் கன்னாபின்னாவென்று கொஞ்சம் அலையவிட்டு, அப்புறம் ஆபீஸுக்கு அனுப்புவது. வேடனும் அலைவான். ஆளில்லாத வீட்டில் ரேடியோவைப் பாடவிடுகிற மாதிரி பொய்ச் சேதிகளும் அனுப்பலாம். ஆனால் சென்சாரின் உயிர் பேட்டரியில். ஒவ்வொரு பொய்க்கும் ஆயுள் குறையும். (மனிதர்களுக்கும் அப்படி இருந்தால் தேவலை.)

"பாண்டாதானே, நமக்கென்ன?" என்று சொல்லாதீர்கள். 2008-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டு சென்சார்களின் சங்கேதத்தை உடைக்காமலே, உள்ளே இருப்பவர் எப்போது தூங்குகிறார், குளிக்கிறார், சமைக்கிறார் என்று வெளியிலிருந்தே ஊகித்துக் காட்டினார்கள்.

என் அக்காவுக்கு 74 வயது. தனியாக இருக்கிறாள். வீடு முழுக்க சென்சார் வைக்கச் சொல்லி அவள் பையன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான். பாத்ரூமில் விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டுமே! வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், "ஆள் நடமாட்டம் இல்லாதபோதும் இது அவ்வப்போது ஏதாவது பேசிக்கொண்டிருக்குமா?"

"சேச்சே, அனாவசியமாப் பேசவே பேசாது சார். பேட்டரி ரெண்டு வருஷம் வரும்" என்றார் பெருமையாக.

கொஞ்சம் பேசட்டும் ஐயா. பேட்டரி நான் வாங்கித் தருகிறேன்.