திறப்பைக் கடைசியாகத் தொடு

ஏப்ரல் நடுவில் ஓரிரவு நல்ல மழை பெய்யும். மறுநாள் வேலைக்குப் போகும்போது என் கண் வீதி ஓரத்தில்தான் இருக்கும். மாரி முழுக்கப் பனி உருகக் கொட்டிய உப்பு தாரின்மேல் இன்னும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கழுவுண்டு போய்விட்டதா? ஒரு மழை போதாது. இரண்டு மூன்று பெருமழை அடித்து, ஓரத்து மண் கறுத்துத் தெரிந்தால்தான் கராஜ் கதவைத் திறக்க எனக்கு மனம் வரும். ரொறன்ரோவில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு வசந்தத்தின் முதல் அடையாளம் அதுதான்.

உள்ளே துணி போர்த்தி நிற்பது 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்து, பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்கு அனுப்பிய வண்டி. இரண்டு பேர் இருக்கலாம், கூரை துணி, சில்லுகளில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். வாகனம் திருத்துவது என் தொழில். இந்தக் கார் தொழிலில் சேராது, என் ஆசை.

இதை வாங்கப் போன அன்று பொனற்றைத் தூக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய கராஜுக்கு வந்த மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜிலும் இருந்த அதே பி.எம்.சி. பி வரிசை எஞ்சின். அவை 1489 சிசி, இது 1798 சிசி. தமிழ்நாட்டில் ஒரு காலம் வீதியெல்லாம் ஓடிய அம்பாசிடரின் பழைய பெற்றோல் எஞ்சினும் இதே குடும்பந்தான். ஊரில் சாரத்தோடு பார்த்துப் பழகிய ஒருவரைப் பிறநாட்டில் கோட்டும் சூட்டுமாகக் கண்டதுபோல இருந்தது.

அந்தக் கராஜில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு எனக்குக் கிடைத்தது. சாவியை நாங்கள் திறப்பு என்போம். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பவேண்டும். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். வழியில் நின்றுபோனால் மறுபடி துளிப் பெற்றோல். சின்னப் போத்தலில் இருக்கும் அந்தப் பெற்றோலை வீணாக்கினால் ஏச்சு விழும். அதனால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, பொயின்ற்றைத் தீட்டி, பற்றறி முனையைச் சுரண்டி, எல்லாம் சரியென்று காட்டிய பிறகே, எனக்கு வேலை பழக்கிய அண்ணை என்னைச் சீற்றில் ஏறவிடுவார். “திறப்பைக் கடைசியாத் தொடு, தம்பி. போத்தல்லை கிடக்கிறது நாலு துளி” என்பார்.

இங்கே எரிபொருள் நிலையத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனாலேயே அந்தப் பாடம் எனக்கு மறந்துபோனது. இந்தக் காரோடு எனக்கு வந்த முதல் வசந்தத்தில், வெயிலைக் கண்ட புளுகத்தில், துணியை இழுத்தெறிந்துவிட்டு ஏறித் திறப்பைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. பெருமையோடு இறங்கி முன்னால் வந்தால் மூக்கில் பெற்றோல் மணம் அடிக்கிறது. முன் காபரேற்றரின் வழிவுக் குழாயால் பெற்றோல் ஒழுகுகிறது. மாரி முழுக்கக் கிடந்த பெற்றோல் பசையாகி, மிதவையின் ஊசியைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. ஊசி மூடாவிட்டால் பம்ப் அனுப்புவதெல்லாம் வெளியேதான் வரும். இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகைபோக்கியும் ஒரே பக்கம். ஒன்றுக்குக் கீழே மற்றது. புகைபோக்கி அப்போது சூடேறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். தீயணைப்பான் வீட்டுக் குசினியில் இருந்தது. இப்போது பொனற்றைத் தூக்கமுன் அதை எடுத்துவந்து பக்கத்தில் வைப்பேன்.

ஐந்தாறு மாதம் அசையாமல் கிடந்த காரை ஓய்வெடுத்த கார் என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. உள்ளே ஒன்றும் ஓயவில்லை. எஞ்சினின் மேற்பாகங்களில் இருந்த ஒயில் வடிந்து கீழே இறங்கிவிட்டது. பற்றறி தன்பாட்டில் தேய்ந்திருக்கிறது. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கிறது. இரும்பு உள்ள இடமெல்லாம் துரு மெல்ல வேலை செய்திருக்கிறது. எலியும் சும்மா இருந்திராது. ஆகவே ஏப்ரலில் எனக்கு முதல் கருவி மூக்கு. கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி மணந்து பார்ப்பேன். எலி மூத்திர மணம் வந்தால் அன்றைய திட்டம் மாறிவிடும். சீற்றுக்கு அடியில், காற்று வடிகட்டிக்குள், சைலன்சர் குழாய்க்குள் எல்லாம் தேடவேண்டும். ஒருமுறை வடிகட்டிக்குள் பஞ்சும் விதைகளுமாக முழுக் குடித்தனம் இருந்தது. எஞ்சினை எழுப்பியிருந்தால் அவ்வளவையும் காபரேற்றர் இழுத்திருக்கும்.

அடுத்தது பெற்றோல். தாங்கியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். புதுப் பெற்றோலின் மணம் மூக்கைக் குத்தும். பழசாகினால் அந்தக் கூர் போய் வார்னிஷ் மணக்கும். லேசாய் ஆவியாகும் பகுதி பறந்துவிட்டது என்று பொருள். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும், பத்து வீத அளவில். எதனோல் தண்ணீரை விரும்பும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெற்றோலைவிட்டுப் பிரிந்து தாங்கியின் அடியில் போய்ப் படுக்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். போத்தலில் இரண்டு அடுக்குத் தெரிந்தால் வாதாட ஒன்றுமில்லை, முழுவதையும் வடித்துவிடவேண்டும். 1966இல் செய்த இறப்பர்க் குழாய்கள் எதனோலை அறியா. அவற்றை மாற்றியாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் விரலால் அமத்திப் பார்ப்பேன்.

இரண்டு எஸ்.யு. காபரேற்றரையும் தொடும்போது எனக்கு வயது குறைந்துவிடும். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்ரனை விரலால் தூக்கிவிட்டால் அது தானாகக் கீழே விழுந்து ‘டக்’ என்று உலோகத்தில் தட்டவேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் எங்கோ ஒட்டுகிறது. கழற்றித் துடைத்து, தண்டுக்குள் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டு, மறுபடி தூக்கி விழுத்தினால், ‘டக்’. மின்னணுக் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை, காது போதும்.

பற்றறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 6 வோல்ற். சீற்றுக்குப் பின்னால், தரைத் தகட்டுக்குக் கீழே. இந்த வருடத்துக் காரில் உடலோடு சேர்வது நேர்முனை. பிறகு வந்த கார்களிலெல்லாம் எதிர்முனை. ஊரில் மொறிஸ் மைனரில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கம். இங்கே படித்துவரும் இளம் மெக்கானிக்குகள் கை வைக்கும்போது பக்கத்தில் நிற்பேன். குளிரிலும் ஒரு கணக்கு உண்டு: முழுச் சார்ஜில் உள்ள பற்றறி கனடாக் குளிரைத் தாங்கும், சார்ஜ் இறங்கிய பற்றறிக்குள் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர், பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து வெடித்துவிடும். அதனால் மாரியில் அவை என் வீட்டு நிலவறையில்தான் குடியிருக்கும்.

இனிக் கால். ஓடாத கார் வீட்டில்தான் நிற்கும். நிற்காத கார் எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. இந்தக் காரின் பிறேக் ஒரே சுற்று. எங்கே ஒழுகினாலும் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருப்பேன். கால் மெல்லத் தாழ்ந்துகொண்டு போனால் உள்ளே ஒரு சீல் போய்விட்டது. பிறகு பாயில் படுத்துச் சில்லுகளின் உட்புறம் ஈரமா என்று பார்ப்பேன். முன்பக்க ஹோஸ் வெளியே புதிதுபோலத் தெரியும், உள்ளே வீங்கியிருக்கும். அப்படியானால் அழுத்தும்போது திரவம் போகும், விடும்போது திரும்பி வராது; சில்லு பிடித்தபடியே உருண்டு கொதிக்கும். திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். கைப்பிறேக்கை மாரியில் இழுத்து வைப்பதில்லை, கட்டைதான். இழுத்து வைத்தால் வசந்தத்தில் அது விடாது. கிளச் தட்டும் அப்படித்தான், துருவால் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, வேறொருவரைக் காரைத் தள்ளச் சொல்வேன். சுகமாக உருண்டால் நல்லது.

ரயரில் பள்ளம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பலரும் பார்ப்பார்கள். பக்கத்தில் பதித்த நாலு இலக்கத்தைப் பார்ப்பவர் குறைவு. 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. என்னிடம் வரும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றின் ரயர் தேய்வதில்லை, வயதுபோய் வெடிக்கிறது.

இவ்வளவும் முடிய மத்தியானம் ஆகிவிடும். இனித் திறப்பு. அதையும் ஒரேயடியாகத் திருப்புவதில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில துளி ஒயில் விட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து வருவேன். நாலாம் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் தள்ளினால் எஞ்சின் உள்ளே சுற்றுவது கையில் தெரியும். பிறகு கொயில் வயரையும் பம்ப் வயரையும் கழற்றிவிட்டு ஸ்ராட்டரால் சும்மா சுற்றுவேன், ஒயில் மானியின் முள் பூச்சியத்தைவிட்டு எழும்பும்வரை. முள் எழும்பினால் காய்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு ஒயில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிளக்கும் வயர்களும் அதனதன் இடத்துக்கு வந்ததும், திறப்பில் முதல் நிலை. பின்னால் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று தொடங்கும். மொறிஸ் மைனரிலும் கேட்ட அதே டிக் டிக். மிதவைக் கிண்ணங்கள் நிறைய நிறைய அது வேகம் குறைந்து நின்றுவிடவேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. அடிக்கவே இல்லை என்றால் பம்பின் பொயின்ற் மாரியில் கறுத்திருக்கும். மரச் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. டிக் டிக் நின்று அமைதி வந்த பிறகு சோக்கை இழுத்து, திறப்பை முழுதாகத் திருப்புவேன். கொஞ்சம் நீலப்புகை வரும், நான் விட்ட ஒயில்தான். அது அடங்க எஞ்சினும் தன் பழைய தாளத்துக்கு வந்துவிடும். நன்றாகச் சூடேறி ஓடும்போது மானி 50க்கும் 80 இறாத்தலுக்கும் இடையில் நின்றால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

“மாரியில் கிழமைக்கு ஒருக்கால் அஞ்சு நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுறனான்” என்று வாடிக்கையாளர் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இதைவிடக் கெடுதல் வேறில்லை. பெற்றோல் எரியும்போது தண்ணீரும் பிறக்கும். ஐந்து நிமிடச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறாது. ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கி அமிலத்தோடு சேர்ந்து அரிக்கும். ஓட்டினால் அரை மணித்தியாலமாவது கொதிக்க ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. “ஓடுற காருக்கு வருத்தமில்லை” என்று அண்ணை சொல்வார். அவர் சொன்ன ஓட்டம் ஆசுபத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஆட்களை ஏற்றிய ஓட்டம். அங்கே ஒரு காரும் ஐந்து மாதம் படுத்ததில்லை, படுக்க விட யாருக்கும் வசதி இருந்ததில்லை. இங்கே என் காருக்கு வேலையே இல்லை. அதன் நோய்கள் எல்லாம் வேலையில்லாமையின் நோய்கள்.

அவற்றுக்கு மருந்து ஏப்ரலில் இல்லை, ஒக்ரோபரில்தான். படுக்கப்போடும் நாளில் அழுக்கு ஒயிலை மாற்றவில்லை என்றால், தாங்கியை நிரப்பிப் பெற்றோல் கெடாமல் இருக்கும் மருந்தை விட்டு அது காபரேற்றர்வரை போக ஓட்டவில்லை என்றால், ஏப்ரலில் எவ்வளவு கெட்டித்தனம் காட்டியும் பயனில்லை. நான் கண்டுபிடிக்கும் பழுதில் பாதி, போன வருடம் நான் சோம்பல்பட்ட இடங்கள்.

போன ஏப்ரலில் முதல் ஓட்டமாக ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடைத்தொகுதிவரை போனேன். கம்பிச் சில்லுகளின் மைய நட்டை ஒரு சிறிய ஓட்டத்துக்குப் பிறகு செப்புச் சுத்தியலால் தட்டி இறுக்கிப் பார்க்கவேண்டும். குனிந்து நின்று நாலையும் தட்டி முடித்து நிமிர்ந்தால், மரக்கறிப் பையோடு ஒரு வயதான ஐயா பக்கத்தில் நிற்கிறார். காரை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

“வரேக்கை கேட்டது ஒக்ஸ்போர்ட் சத்தமெல்லோ, தம்பி?”

“அந்த எஞ்சின்தான் ஐயா. கொஞ்சம் பெரிசு.”

பொனற்றில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தொழில் இரகசியம் கேட்பவர்போலக் கேட்டார்: “மண்ணெண்ணெய் விட்டுப் பாத்தனீரோ?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு அவர் கேட்பதற்காக எஞ்சினை மறுபடி எழுப்பினேன். மணந்து பார்க்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. நேரே ஏறி இருந்து திறப்பைத் தொட்டேன்.